கதைப்பாடலும் நாங்களும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கதைப்பாடல் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டார்கள். நாங்கள் மூவர் சேர்ந்து எழுதிய உரை இது. ஒருவர் வாசித்தாலும் மூவரும் பேசுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மூவரும் ஒரே வகுப்பு, ஒரே விடுதி, அடுத்தடுத்த கட்டில். நாங்கள் நாட்டார் பாடல் ஆராய்ச்சியாளர்கள் அல்லர். ஒரு கொப்பியைப் பழுதாக்கியவர்கள் என்ற தகுதி மட்டும் எங்களுக்கு உண்டு. அந்தக் கொப்பிக்குப் பிறகு வருகிறோம்.

'பலட்' என்ற சொல்லை நாங்கள் முதலில் கேட்டது ஆங்கில இலக்கிய வகுப்பில். ஸ்கொட்லாந்து மாலுமி சேர் பற்றிக் ஸ்பென்ஸின் கதையை எங்கள் ரீச்சர் படிப்பித்தார். அரசன் மது அருந்திக்கொண்டு நல்ல மாலுமி யார் என்று கேட்கிறான். கடிதம் போகிறது. அந்தப் பருவத்தில் கடலில் இறங்கக்கூடாது என்று தெரிந்தும் மாலுமி போகிறான். புயல் எப்படி வந்தது, கப்பல் எப்படி மூழ்கியது என்று பாட்டு விவரிப்பதே இல்லை. தண்ணீரில் தொப்பிகள் மிதக்கின்றன, அவ்வளவுதான். பிறகு கையில் விசிறியும் தலையில் பொன் சீப்புமாகக் கரையில் காத்திருக்கும் பெண்கள். அரசன் செய்தது பிழை என்று ஒருவரும் சொல்வதில்லை. பாட்டு முடிந்தபின் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறது. எங்களுள் இருவர் கடலோரக் கிராமத்துப் பிள்ளைகள்.

நடனமாடுதல் என்ற பொருளுள்ள பழைய இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அந்தச் சொல் என்று ரீச்சர் சொன்னார். ஆட்டத்துக்குப் பாடிய பாட்டு நாளடைவில் கதை சொல்லும் பாட்டாகியது. அடுத்த பாடவேளையில் தமிழ் ரீச்சரிடம் போய், தமிழில் இப்படி ஒன்று உண்டா என்று பெருமையோடு கேட்டோம். இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தோம் போலும். அவர் சிரித்துவிட்டு, "அம்மானை விளையாடியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

பெண்கள் கூடியிருந்து காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டு பாடும் விளையாட்டு அம்மானை. அந்தப் பெயரையே நீண்ட கதைகளைப் பாடும் நூல்களும் எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் ஆட்டத்திலிருந்து கதை பிறந்ததென்றால் தமிழில் பெண்களின் விளையாட்டு கதைக்குப் பெயர் கொடுத்தது. எங்கள் மண்ணிலும் அதற்கு நெடிய வழக்கம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் பாடிய சந்தியோகுமையோர் அம்மானை, கத்தோலிக்கப் புனிதர் ஒருவரின் கதையை நம் மக்களுக்குப் பழகிய வடிவத்தில் சொன்னது. புதிய சமயம் வந்தபோதும் கதை சொல்ல மக்கள் கேட்டது அந்தப் பழைய மெட்டைத்தான்.

பிறகு பெரிய எழுத்துப் புத்தகங்கள். இளைய மாணவிகளுக்கு இது தெரியாமலிருக்கலாம். மலிவுத் தாளில், கண் மங்கியவர்களும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், சென்னையில் அச்சாகி இங்கே திருவிழாக் கடைகளுக்கு வந்தவை. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை, தேசிங்கு ராஜன் கதை. பலவற்றின் அட்டையில் புகழேந்திப் புலவர் பெயர் இருக்கும். அவர் பாடியவை அல்ல என்பதே அறிஞர் கருத்து. பாடியவர்களுக்குப் பெயர் இல்லாதபடியால் பதிப்பாளர் ஒரு பெரிய பெயரை இரவல் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம். மதுரையை ஆண்ட அல்லியின் கதையை வாசித்த வயதில், அருச்சுனன் தந்திரத்தால் அவளை மணந்துகொள்ளும் இடத்தில் எங்கள் மூவருக்கும் பெரும் கோபம். இப்போதும் அந்தக் கோபம் முழுதாகத் தணியவில்லை.

புத்தகமாக வராத பயனும் கதைப்பாடலுக்கு இருந்தது. பத்திரிகை எல்லா வீட்டுக்கும் வராத காலத்தில் தமிழ்நாட்டில் கொலைச் சிந்து, புயற் சிந்து, வெள்ளச் சிந்து என்று சிறு தாள்களை அச்சடித்துச் சந்தையிலும் புகையிரதத்திலும் பாடி விற்றார்கள். நடந்த கொலையை இரண்டு கிழமைக்குள் பாட்டாகக் கேட்கலாம். இங்கிலாந்தின் தெருக்களிலும் இதே வியாபாரம் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது.

எங்களோடு விடுதியில் மட்டக்களப்புத் தோழி ஒருவர் இருந்தார். வைகாசி பிறந்தால் அவருக்கு ஊர் நினைவு வந்துவிடும். அங்கே கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரையைப் பல இரவுகளாகப் பாடி, கடைசியில் குளிர்த்தி செய்வார்கள். மதுரையை எரித்த கோபம் தணிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் அவ்வளவு பாட்டும். சிலப்பதிகாரத்தில் இல்லாத கதைகள் அதில் உண்டு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலில் வருகிறான்; வெடியரசனோடு போர் நடக்கிறது. நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் கற்குவியலைப் பார்த்திருப்பீர்கள். வடக்கிலிருந்து போன மணியைக் கிழக்கில் இன்றும் பாடுகிறார்கள். பண்டிதர் வி. சீ. கந்தையா அந்நூலைப் பதிப்பித்து 1968இல் வெளிவந்தது. ஆனாலும் கோயிலில் அது புத்தகமல்ல. கோபம் கொண்ட ஒரு பெண்ணைக் குளிரச் செய்யும் வேலைக்காகப் பாடப்படுவது. மழை வேண்டியும் நோய் போகவும் ஊரே கூடியிருந்து கேட்பது.

இனிக் கொப்பிக் கதை.

1971ஆம் ஆண்டு. தமிழ் மன்றத்தின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு நாட்டார் பாடல் சேர்த்து வரும்படி சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் தாலாட்டும் ஒப்பாரியும் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. விடுதிக் குசினிக்குப் பின்னால், பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மா இடிக்கக் கிழமையில் மூன்று நாள் ஓர் ஆச்சி வருவார். இன்னொரு பெண்ணோடு சோடி போட்டு இடிப்பார். ஒரு உலக்கை ஏற மற்றது இறங்கும். இடிக்கும்போது நல்லதங்காள் பாடுவார்.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். மழை பொய்த்துப் பஞ்சம் வருகிறது. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணன் மனைவி மூளியலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு, சமைத்துக் கொடு என்றால், உக்கிய தானியமும் எரியாத பச்சை விறகும் கொடுக்கிறாள். பசித்த பிள்ளைகளோடு திரும்பிப் போன நல்லதங்காள் ஒரு பாழுங்கிணற்றில் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். தமிழ்நாட்டில் வத்திராயிருப்புப் பக்கத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது.

நாங்கள் மூவரும் கொப்பியும் பேனையுமாகப் போய் நின்றோம். "ஆச்சி, அந்தப் பாட்டை ஒருக்காச் சொல்லுங்கோ, எழுத வேணும்" என்றோம். ஆச்சி உலக்கையைச் சாத்திவைத்துவிட்டு யோசித்தார். நாலு வரிக்கு மேல் வரவில்லை. "பிள்ளையள், பாடினாத்தான் வரும். சொல்லச் சொன்னா வராது" என்றார். பிறகு திரும்பவும் உலக்கையை எடுத்தார். பாட்டு வந்தது. அவர் இடித்துக்கொண்டு பாட, நாங்கள் மண்ணில் குந்தியிருந்து எழுதினோம். நான்கு நாள் எடுத்தது. எங்கள் வேகத்துக்காக அவர் இடியை மெதுவாக்கினார். அதனால் மா பிந்தி, அவர் ஏச்சு வாங்கியதையும் கண்டோம்.

எழுதியதைத் திருத்தினோம். இதைத்தான் இன்று ஒப்புக்கொள்ள வந்தோம். ஆச்சியின் பேச்சை இலக்கணத் தமிழாக்கினோம். எங்களுக்கு விளங்காத சொல்லை வெட்டி விளங்கும் சொல் வைத்தோம். ஒரே வரி மூன்று தரம் வந்தால் இரண்டை நீக்கினோம். கிணற்றடியில் ஆச்சி ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பாடுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வரிகள். ஒரு சொல் மட்டும் மாறும். பிள்ளை கேட்கும் கேள்வி மாறும், தாய் சொல்லும் பொய் மாறும். நாங்கள் முதற் பிள்ளையை எழுதிவிட்டு, அதன் கீழே, 'இவ்வாறே மற்றைய ஆறு பிள்ளைகளையும்' என்று ஒரு வரியில் முடித்தோம். பக்கம் போதாது என்பது காரணம். சஞ்சிகையில் அதற்குப் பரிசும் கிடைத்தது.

எங்களில் ஒருவருடைய தகப்பனாரிடம் அப்போது ரேப் ரெக்கோடர் இருந்தது. ஆச்சியைப் பதிய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாடகர் குழு கரோல் பாடியதைப் பதிந்தோம். ஆச்சிக்கு இருக்க ஒரு பலகை கொடுக்கவில்லை என்பதும், பரிசு கிடைத்ததை அவரிடம் போய்ச் சொல்லவில்லை என்பதும் இந்த உரையை எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தன.

இப்படிச் செய்தவர்கள் நாங்கள் முதலில் அல்லர் என்பதைப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம். அது ஆறுதலா என்று தெரியாது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோமஸ் பேர்சி என்ற பாதிரியார், ஷிவ்னல் என்ற ஊரில் நண்பர் வீட்டுக்குப் போனபோது, பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று அலுமாரியின் கீழே கிடந்ததையும், வேலைக்காரப் பெண்கள் அதன் தாள்களைக் கிழித்து அடுப்பு மூட்டுவதையும் கண்டார். கதைப்பாடல்கள் நிறைந்த பிரதி அது. கேட்டு வாங்கிக் காப்பாற்றினார். 1765இல் அதிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் எடுத்துப் பெரும் தொகுப்பொன்றை வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் அது கொண்டாடப்பட்டது. ஆனால் நாகரிகமான வாசகருக்குப் பிடிக்கும்படி திருத்தியும் கூட்டியும்தான் வெளியிட்டார். பிரதி உள்ளபடியே அச்சாக இன்னும் நூறு வருடம், 1867 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நெருப்பிலிருந்து எடுத்தவர் கையும் திருத்திய கையும் ஒன்றே.

சேர் வால்டர் ஸ்கொட் 1802இல் ஸ்கொட்லாந்து எல்லைப்புறக் கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். அவருக்குப் பாட்டுக் கொடுத்தவர்களுள் ஒருவர் மார்கிரட் லெயிட்லோ. எழுத்தாளர் ஜேம்ஸ் ஹொக்கின் தாயார். அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா ஸ்கொட்டின் முகத்துக்கு நேரே சொன்னதை மகன் எழுதிவைத்திருக்கிறார். இவை பாடுவதற்கு உண்டானவை, வாசிப்பதற்கல்ல, நீங்கள் அச்சிட்டுக் கெடுத்துவிட்டீர்கள், இனி ஒருவரும் பாடமாட்டார்கள் என்பது அதன் சாரம். எழுத்துக் கூட்டலும் சரியில்லை, எழுதிவைத்த விதமும் சரியில்லை என்றும் சேர்த்துச் சொன்னாராம். நாங்கள் இதை வாசித்தபோது எங்கள் ஆச்சியின் குரல் கேட்டது. ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தால் இதையே சொல்லியிருப்பார்.

அந்தப் பாடல்களைக் காத்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 1747இல் பிறந்த அபர்தீன் பேராசிரியரின் மகள் அன்னா கோர்டன், தாயிடமும் சிறிய தாயிடமும் வீட்டுத் தாதியிடமும் கேட்ட பாடல்களை நினைவிலிருந்து கொடுத்தார். தகப்பனார் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருக்க, வீட்டுக்குள் இன்னொரு பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது. பின்னர் ஹாவார்ட் பேராசிரியர் பிரான்சிஸ் சைல்ட் 305 கதைப்பாடல்களைத் தொகுத்தபோது அன்னாவின் பாடங்களை மிக உயர்வாக மதித்தார். 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வந்த அந்தத் தொகுப்பில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று. ஒரே பாட்டு பத்து விதமாகக் கிடைத்தால் பத்தையும் அடுத்தடுத்து அச்சிட்டார். இதுதான் சரி, அது பிழை என்று ஒன்றாக்கவில்லை. ஆனால் அங்கும் மெட்டு மிகக் குறைவு. மெட்டுகளைத் தேடிச் சேர்த்து வேறொருவர், பேட்ரண்ட் புறொன்சன், நான்கு பெருந்தொகுதிகள் வெளியிட்டது 1959 முதல்தான்.

எங்கள் கொப்பி 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது ஒரு பையின் அடியில் போனது. வேண்டுமென்று எடுத்ததல்ல, பிறப்புச் சான்றிதழ்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு, கடைசியில் ரொறன்ரோ. மூன்று வருடங்களுக்கு முன் படம் பிடித்து எங்கள் இருவருக்கும் அனுப்பினார் அதை வைத்திருந்தவர். மூவரும் வீடியோவில் கூடியிருந்து பாடிப் பார்த்தோம். முடியவில்லை. மெட்டு அரைகுறையாக நினைவிருந்தது. வரிகள் அந்த மெட்டில் உட்காரவில்லை. நாங்கள் வெட்டிய இடங்களில் எல்லாம் மூச்சு முட்டியது. அப்போதுதான் விளங்கியது, திரும்பத் திரும்ப வந்த வரி உலக்கை விழும் இடம். கைக்கு அது ஓய்வு. அடுத்த வரியை நினைவு தேடி எடுக்க அவகாசம். கேட்பவளுக்கு அடுத்தது என்ன என்று அஞ்ச ஒரு நொடி. அதை நீக்கியதும் வேலையும் நின்றது, பாட்டும் நின்றது. ஸ்கொட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்கள் ஈரக் கம்பளித் துணியை மேசையில் அடித்துப் பதப்படுத்தும்போது ஒருத்தி வரி எடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அதுவும் இதே கணக்குத்தான்.

ஊரில் இருக்கும் எங்கள் மூன்றாமவர் ஆச்சியின் வீட்டைத் தேடிப் போனார். ஆச்சி இறந்து பல வருடம். பேத்தி இருந்தார். நல்லதங்காள் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்றார். மாவெல்லாம் இப்போது மில்லில்தானே. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சோடு பேச்சாகக் கதிரைக் கையில் தட்டத் தொடங்கினார். தட்டத் தட்ட வரிகள் வந்தன. மூன்றாமவர் கைத்தொலைபேசியை எடுத்துப் பதிந்துகொண்டார். ஐம்பது வருடம் பிந்தி.

அவருடைய பாடம் எங்கள் கொப்பிப் பாடத்தோடு ஒத்துப்போகவில்லை. சில இடங்களில் ஆச்சி பாடியதுதான் அது, நாங்கள் திருத்தியது பிழை. வேறு சில இடங்களில் பேத்தி தாமாக மாற்றியிருக்கிறார். தப்பி ஓடப் பார்க்கும் மூத்த பிள்ளையின் பேச்சு அவரிடத்தில் நீண்டிருக்கிறது. 1995க்குப் பிறகு நீண்டதா என்று கேட்டோம். "எனக்குத் தெரியாது, அப்பிடித்தான் வருது" என்றார். முடிவிலும் வித்தியாசம். அச்சுப் புத்தகத்தில் சிவனும் பார்வதியும் வருகிறார்கள். ஆச்சியும் பேத்தியும் கிணற்றடியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பேத்தி இன்னொன்றும் சொன்னார். ஆச்சிக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். கைம்பெண்ணாகப் பிள்ளைகளோடு ஆச்சி அங்கே போய் இரண்டு மாதம்கூட இருக்க முடியவில்லையாம். அதன் பிறகுதான் விடுதிக்கு மா இடிக்க வந்தார். அண்ணன் வீட்டில் கலியாணம், சாமத்தியச் சடங்கு என்றால் உதவிக்குப் போவார். எல்லோரும் சேர்ந்து இடிக்கும்போது பச்சை விறகு கொடுக்கும் இடத்தை மட்டும், மச்சாள் குசினிக்குள் வரும் நேரம் பார்த்து, எடுத்துப் பாடுவாராம். மச்சாளுக்கு விளங்கும். ஆனால் என்ன சொல்ல முடியும்? ஊரெல்லாம் பாடும் பழைய பாட்டுத்தானே. ஒரு தரம் மச்சாள், "வேறை பாட்டுத் தெரியாதோ?" என்று கேட்டாராம். ஆச்சி, "தெரியும், இது முடியட்டும்" என்றாராம்.

நாங்கள் நான்கு நாள் அருகில் இருந்து எழுதியும் இதைக் கேட்கவில்லை. எழுதும் அவசரத்தில் ஆச்சியைப் பார்க்கவில்லை. கதைப்பாடலின் பயன் என்ன என்று விழாக்குழு தந்த தலைப்புக்கு எங்களிடம் இருக்கும் விடை, அந்தக் குசினியில் நடந்ததுதான்.

இப்போது இரண்டு பாடங்களையும், சைல்ட் செய்ததுபோல, ஒன்றாக்காமல் பக்கத்தில் பக்கமாகத் தட்டச்சுச் செய்திருக்கிறோம். கொப்பியில் நாங்கள் வெட்டிய சொற்களில் மையின் கீழே வாசிக்கக்கூடியவற்றை மீட்டிருக்கிறோம். பதிவையும் சேர்த்துக் கல்லூரி நூலகத்தில் வைக்க அதிபர் அவர்கள் இடம் தந்திருக்கிறார், நன்றி. உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில், லண்டனிலோ மெல்பேணிலோ, எண்பது தாண்டிய அம்மாவோ பெரியம்மாவோ மாமியோ இருந்தால் பாட்டைச் சொல்லும்படி கேட்காதீர்கள். சுளகைக் கையில் கொடுங்கள், அல்லது மேசையில் தட்டச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வையுங்கள். கிடைப்பதைத் திருத்தாமல் அனுப்புங்கள்.

ஆச்சியின் பேத்தி இன்று நம்மோடு இருக்கிறார். முன்வரிசைக்கு வரும்படி கேட்டோம், மாட்டேன் என்று பின்னால் இருக்கிறார். பாட மட்டும் சம்மதித்திருக்கிறார். பழைய குசினியிலிருந்த உரலும் உலக்கையும் கிடைத்தன. மேடைக்கு முன்னால் வைத்திருக்கிறோம். சோடிக்கு மற்ற உலக்கையை எங்களில் ஒருவர் பிடிப்பார். ஒரு மாதம் பழகியும் கை பிந்துகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கிணற்றடிப் பகுதி பாடப்படும். ஏழு பிள்ளைகளையும் பாடுவார். கால் மணித்தியாலம் எடுக்கும். தேநீர் அதற்குப் பிறகு.